ஏரிக்கரையில் ஓர் அயல்மொழி

வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த ஊர் காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு ஏரி விரிகிறது. இறாலையும் நண்டையும் மடவையையும் நம்பி வாழும் மீனவ ஊர்கள் பல அதன் கரையில் உள்ளன. இவ்வூர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு ஆங்கிலம் பாடத்திட்டத்தில் மட்டுமே இரண்டாம் மொழி. வீட்டிலும் படகிலும் மீன் ஏலத்திலும் ஒலிக்காத அம்மொழி, உண்மையில் அவர்களுக்கு அயல்மொழியே.

அயல்மொழியை வகுப்பறைக்குள் மட்டும் கற்றுவிட இயலாது. வினாவிடைக் குறிப்புகளை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறலாம். ஆனால் முன்பின் பாராத ஒரு பக்கத்தைத் தானே படித்து அறியும் திறன் அதனால் வாய்ப்பதில்லை. பிரான்சு நாட்டின் நான்சி நகரில் பணியாற்றிய மொழிக்கல்வி அறிஞர் ஆன்ரி ஓலெக், 1979ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பேரவைக்கு அளித்த அறிக்கையில், தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் ஆற்றலைக் 'கற்பவர் தன்னாட்சி' என்றார். எதற்காகக் கற்பது, எதைக் கற்பது, எம்முறையில் கற்பது, கற்றதை எவ்வாறு அளப்பது என்பவற்றைக் கற்பவரே முடிவு செய்தல் அது. இவ்வாற்றல் பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது என்பதும் அவர் கருத்து.

ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிதன்று. காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் முகத்துவாரத்தின் ஆழத்தையும் அவர்கள் பார்த்தும் செய்தும் கற்றவர்கள். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தவறான இடத்தில் விரித்த வலை வெறுமையாகத் திரும்பி, தவற்றை அன்றே உணர்த்திவிடும். தவறாகப் பொருள்கொண்ட ஆங்கிலத் தொடரோ எதையும் உணர்த்தாது. ஆகவே அயல்மொழியைத் தானே கற்பவர், தம்மைச் சரிபார்க்கும் வழியையும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். பலரும் கைவிடுவது இவ்விடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்களுக்கான மக்கள் கருத்துக்கேட்புக்கு முன்பு அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் கிடைக்கும். பல நூறு பக்கங்கள் கொண்ட முழு அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்துக்கும் அத்தகைய வரைவு அறிக்கை உண்டு. தன் ஊரைப் பற்றி அதில் என்ன எழுதியுள்ளது என்று அறிய விரும்பும் கல்லூரி மாணவி ஒருத்திக்கு, எந்தப் பாடநூலும் தராத நோக்கம் அங்கே கிடைக்கிறது. தமிழ்ச் சுருக்கத்தை அருகில் வைத்து, முதல்நாள் ஒரு பத்தியை மட்டும் அவள் படிக்கலாம். 'எஸ்சுவரி' என்பது தான் அறிந்த கழிமுகம், 'மேங்க்ரோவ்' என்பது அலையாத்தி எனக் குறித்துக்கொள்ளலாம். சொல் புதிதே தவிர, பொருள் புதிதன்று. படித்ததைத் தமிழில் எழுதிச் சுருக்கத்தோடு ஒப்பிட்டால், பிழை தானே புலப்படும்.

தன்னாட்சி என்பது தனிமையன்று. வலை விரிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர் 'பாடு' என்பர். நான்கு மாணவர்கள் ஆளுக்கொரு பகுதியாக அவ்வறிக்கையைப் பிரித்துக்கொண்டு, முறைவைத்துப் பிறருக்கு விளக்குவதும் அத்தகையதே. விளக்கும்போது தடுமாறும் இடமே புரியாத இடம். அந்தத் தொடரைக் குறித்துக்கொண்டு அவர்கள் ஆசிரியரிடம் செல்லும்போது, வினா அவர்களுடையதாக இருக்கும்.