வயலில் ஐயந்தரும் குருவி: இறகைக் கொண்டு இனமறிதல்

பெரும்போக நெல் பால்பிடிக்குங் காலத்தில், படுவான்கரை வட்டைகளிற் காவல் புரியும் கமக்காரர், வந்திறங்கும் சிறு குருவிகள் யாவற்றையும் ஒரே பகையெனக் கருதுவது வழக்கம். ஆயின் அவற்றுட் கதிரை உண்பனவும் உண்டு. பூச்சியை உண்பனவும் உண்டு. தொலைநாட்டிலிருந்து வழிதவறி வந்த விருந்தாளியும் இருத்தல் கூடும். இன்னதென அறியாது நஞ்சு கலந்த நெல்லைத் தூவினால் மூன்றும் ஒருங்கே மடியும். ஆகவே, கல்லெடுக்குமுன் கண்ணாற் பார்த்து இனமறிதல் வேண்டும்.

விருந்தாளி யார்?

ஆங்கிலத்திற் பண்டிங் எனப்படும் குருவிக் குடும்பத்தில் ஒன்று கருந்தலைப் பண்டிங். இது தென்கிழக்கு ஐரோப்பா முதல் ஈரான் வரையுள்ள நாடுகளிற் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் மேற்கிந்தியா, மத்திய இந்தியா ஆகியவற்றின் தானிய வயல்களுக்குப் பெருங்கூட்டமாக வரும். இலங்கைக்கு மிக அரிதாகவே வந்துசேரும். வருங் காலம் நமது பெரும்போகக் கதிர் முற்றுங் காலமாகும். சிறுபோக அறுவடையின்போது காணும் குருவி இதுவாக இருத்தல் அரிது.

முழுநிறம் பெற்ற ஆணை அறிதல் எளிது. தலை கறுப்பு, முதுகு செம்பழுப்பு, கழுத்து முதல் வயிறு வரை மஞ்சள். தோட்டத்து மாம்பழக்குருவியும் கருந்தலையும் மஞ்சள் உடலும் உடையதே. எனினும் அஃது உருவிற் பெரியது, அலகு சிவந்தது, மரத்தில் வாழ்வது, நெல்லைத் தீண்டாதது. கருந்தலையுடைய தினைக்குருவியும் உண்டு. அதன் உடலில் மஞ்சள் இல்லை.

மயக்கந் தருவது பெண்ணே. மேற்புறம் மணல்நிறப் பழுப்பு, அதிற் கருங்கீற்று, கீழ்ப்புறம் வெளிறியது. தூரத்திற் பார்ப்பவர் அதனைப் பெண் தூக்கணாங்குருவி என்றோ, பெண் சிட்டுக்குருவி என்றோ கொள்வர்.

பார்க்கும் முறை

பின்வரும் ஐந்தையும் இதே ஒழுங்கில் நோக்குக.

1. பருமன்: சிட்டுக்குருவி ஏறக்குறைய 15 சதமமீற்றர் நீளமுடையது. பண்டிங் அதனினுஞ் சற்று நீண்டு 17 சதமமீற்றர் வரை இருக்கும். தினைக்குருவி 11 சதமமீற்றரளவே.

2. அலகு: தூக்கணாங்குருவிக்கும் தினைக்குருவிக்கும் அலகு தடித்தது. பண்டிங்கின் அலகு கூம்பு வடிவாயினும் அவற்றினும் மெலிந்தது. அலகு மிக மெலிந்து, கால் நீண்டு, வரம்பில் ஓடித்திரிவது நெட்டைக்காலி. அது பூச்சியுண்ணி, அதனை விரட்டற்க.

3. மார்பு: மார்பிற் கருங்கீற்றுகள் தெளிவாக இருப்பின், அது நீர்நிலையோரத்துக் கீற்றுத் தூக்கணாங்குருவியாகலாம். பெண் பண்டிங்கின் மார்பிற் கீற்றுகள் இரா. இருப்பினும் மிக மெல்லியனவே.

4. வாலின் அடிப்புறம்: வாலுக்குக் கீழுள்ள இறகுகள் மஞ்சளாக இருத்தலே தலையாய அடையாளம். சிட்டுக்குருவிப் பெட்டைக்கு இஃது இல்லை.

5. வால்: தூக்கணாங்குருவியின் வால் குட்டையானது, பண்டிங்கின் வால் நீண்டது. பறக்கும்போது நெட்டைக்காலியின் வாலோரம் வெள்ளையாகத் தோன்றும். கருந்தலைப் பண்டிங்கின் வாலில் வெள்ளையில்லை.

இவ்வைந்தும் பொருந்தினும் ஓர் ஐயம் எஞ்சும். மத்திய ஆசியாவிற் குஞ்சு பொரிக்கும் செந்தலைப் பண்டிங்கின் பெண்ணும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும். முதுகிற் செம்பழுப்புச் சாயல் காணின் கருந்தலை எனவும், பச்சைச் சாயல் காணின் செந்தலை எனவும் கருதலாம். இறகு தேய்ந்த காலத்தில் இவ்வேறுபாடும் மங்கும். அப்போது தேர்ந்தவரும் தயங்குவர். எனவே துணிந்து பெயரிடாது, கண்ட நாள், இடம், மேற்கூறிய ஐந்து அடையாளங்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்தலே முறை.

இதனாற் பயன் யாது?

மஞ்சள்மார்புப் பண்டிங் என்பது சீனத்தில் நெற்பறவை எனப் பெயர்பெற்றது. உணவுக்காக அதனை வலைவீசிப் பிடித்தனர். 1997இல் அங்கு அவ்வேட்டை தடைசெய்யப்பட்ட பின்னரும் களவாகப் பிடித்தல் ஓயவில்லை. கோடிக்கணக்கில் இருந்த அவ்வினம் 1980க்குப் பின் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது; 2017இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமென உலக அளவில் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை மிகுந்தது அழியாது என்பது தவறான நம்பிக்கை.

வழிதவறி வந்த ஓரிரு பண்டிங்குகளால் நம் விளைச்சல் குறையாது. நட்டஞ் செய்வது கூட்டமாக வரும் தினைக்குருவியே. அதற்கும் நஞ்சு வேண்டா. வட்டை முழுவதும் ஒரே காலத்தில் விதைத்தால் சேதம் ஒரு வயலிற் குவியாது பரவும். வரம்பிற் புல் விதை கட்டுமுன் செதுக்குக. பால்பிடித்த நாள் முதல் காலையும் மாலையும் தவறாது காவல் செய்க. தூக்கணாங்குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் ஊட்டுவது. ஆதலின் அதன் கூடுகளை அழியாது, கதிர்க்காலத்தில் மட்டும் ஓட்டுதல் போதும்.

இனந்தெரியாத குருவியைக் கண்டால் கொல்லாது, குறிப்பை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தருக. கதிரைக் காப்பது கமக்காரர் உரிமை. எதனிடமிருந்து காக்கிறோம் என்பதை அறிந்து காப்பது அவர் அறிவுக்கு அழகு.