பழைய மாத்திரைக்கும் புது மாத்திரைக்கும் நடுவே

மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட எஸ்சிட்டலோபிராம் சரிப்பட்டு வரவில்லை என்று டாக்டர் செர்ட்ரலினுக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பழைய அட்டையில் எட்டு மாத்திரை மிச்சம் இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குவதா, நாளைக் காலையே தொடங்குவதா, சில நாளைக்கு இரண்டையும் சேர்த்துப் போடுவதா? கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இதைக் கேட்க வாய் வராது. பலர் வீட்டுக்கு வந்தபின் மருந்துக்கடைக்காரரிடம் கேட்பார்கள், இல்லாவிட்டால் தாங்களே ஒரு முடிவெடுப்பார்கள்.

மனச்சோர்வு மருந்தை மாற்றும்போது வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இடைநாட்களில்தான் கிளம்புகிறது. ஆகவே புது மருந்தின் பெயரோடு ஒரு தேதிக் கணக்கையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பழையது எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராமாகக் குறைய வேண்டும், என்றைக்கு நிற்க வேண்டும், புதியது என்றைக்கு, எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று சீட்டின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்குவது நல்லது. சங்கடப்பட வேண்டாம். எழுதும்போதுதான் டாக்டரும் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வார்.

அதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்று ஒரு முறை பார்த்துவிடலாம். சரியான அளவில் 4 முதல் 6 வாரம் விடாமல் சாப்பிட்டால்தான் ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். “இப்போ நல்லாத்தானே இருக்கேன்” என்று நடுவில் ஒரு வாரம் விட்டிருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்; குடிப்பழக்கம் இருந்தால் அதையும். தைராய்டு சோதனை செய்யாமலே மூன்றாவது மருந்துக்குப் போனவர்களும் உண்டு. எந்த மருந்துக்கு மாறுவது என்பதைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். 2006-ல் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் தேறாதவர்களைப் பிரித்து செர்ட்ரலின், வென்லாஃபாக்சின், புப்ரோபியான் மூன்றில் ஒன்றுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மூன்றிலுமே ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நோய்க்குறிகள் முழுதாக அடங்கின. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை என்பது ஒரு காரணமே இல்லை. தூக்கம், உடல் எடை, தாம்பத்தியத்தில் வரும் சிக்கல், கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவற்றை வைத்துத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு உதவும்.

இனி, மாற்றும் விதம். ஒவ்வொரு மருந்தும் உடம்பில் தங்கும் காலம் வேறு. வென்லாஃபாக்சினில் பாதி சுமார் 5 மணி நேரத்தில் கழிந்துவிடும். ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். பாராக்செடினும் விட்டால் சட்டென்று காட்டிக்கொடுக்கும். ஃபுளூவாக்செடின் இதற்கு நேர் எதிர். அதுவும், உடம்பில் அது மாறி உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்கும். அதனால் 20 மில்லிகிராம் ஃபுளூவாக்செடினைப் பெரும்பாலும் நேரடியாகவே நிறுத்திவிட்டு, 4 முதல் 7 நாள் இடைவெளி விட்டுப் புதியதைச் சிறு அளவில் தொடங்குவார்கள். அந்த இடைவெளியில் நீங்கள் மருந்தில்லாமல் இல்லை. பழையது உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. அமிட்ரிப்டிலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைக் கழிக்கும் நொதியை ஃபுளூவாக்செடின் தடுத்துவிடும். ஃபுளூவாக்செடினை நிறுத்திச் சில வாரம் ஆனபிறகும், அமிட்ரிப்டிலினின் சாதாரண அளவு இரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட ஏறி நிற்கலாம். வாய் உலர்ந்துபோதல், சிறுநீர் தடைப்படுதல், படபடப்பு வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எஸ்சிட்டலோபிராமும் செர்ட்ரலினும் ஒரே வகை. சாதாரண அளவென்றால் இன்று ஒன்றை நிறுத்தி நாளை மற்றதைத் தொடங்கச் சொல்வதுண்டு. புதியதே பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிர்ட்டசபினோ புப்ரோபியானோ அப்படிப் பிடித்துக்கொள்ளாது. ஆகவே அவற்றுக்கு மாறும்போது பழையதைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும். எம்.ஏ.ஓ. என்ற நொதியைத் தடுக்கும் வகை மருந்து என்றால் கலந்து கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. நிறுத்தி 2 வாரம் காத்திருக்க வேண்டும். ஃபுளூவாக்செடினிலிருந்து அந்த வகைக்குப் போவதென்றால் 5 வாரம்.

குறைக்கும்போது நம் ஊரில் வழக்கமாகச் சொல்வது “ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க” என்பது. ஃபுளூவாக்செடினைத் தவிர மற்றவற்றுக்கு இது நல்ல யோசனை இல்லை. ஒருநாள் அளவு ஏறும், மறுநாள் இறங்கும், மூளை தினமும் ஊசலாடும். தினமும் போடுங்கள், அளவைக் குறையுங்கள். குறைப்பதிலும் கடைசிப் படிகள்தான் கடினம். 20-லிருந்து 10-க்கு இறங்குவதைவிட 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது மூளைக்குப் பெரிய வீழ்ச்சி. 2019-ல் ஹொரோவிட்ஸ், டெய்லர் இருவரும் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இதை விளக்கி எழுதிய பிறகு, கடைசியில் இன்னும் சின்ன அளவுகளில் மெல்ல இறங்கச் சொல்லும் மருத்துவர்கள் கூடியிருக்கிறார்கள். மெதுவாகக் கரையும் கேப்சூலை மட்டும் மென்றோ பொடித்தோ சாப்பிடாதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நம் மருந்துக்கடைகளில் எஸ்சிட்டலோபிராம் தனியாகவும் கிடைக்கும், பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபம் சேர்த்தும் கிடைக்கும். “நரம்பு மாத்திரை” என்று வருடக்கணக்கில் போட்டுவருபவர்களில் பலருக்கு, தாம் சாப்பிடும் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருப்பது தெரியாது. அதை நிறுத்திவிட்டு செர்ட்ரலினுக்கு மாறினால் மனச்சோர்வு மருந்துக்கு மாற்று கிடைத்துவிடுகிறது, குளோனசெபமோ ஒரே ராத்திரியில் நின்றுபோகிறது. மூன்றாம் நாள் தூக்கமே இல்லை, உடம்பெல்லாம் பதற்றம். வீட்டார் புது மாத்திரையின் மேல் பழி போடுவார்கள். நீண்டநாள் சாப்பிட்டவருக்கு வலிப்பு வரைகூடப் போகலாம். இதன் மறுபக்கமும் நடக்கிறது. புது டாக்டர் குளோனசெபத்தைத் தனியாக எழுதுவார். நோயாளி பழைய கூட்டு மாத்திரையையும் விடாமல் போடுவார். பகலெல்லாம் தள்ளாட்டம், வயதானவர் என்றால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘குளோனசெபம்’, ‘குளோர்டையாசிப்பாக்சைடு’ என்ற பெயர்கள் இருந்தால் அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி, “இதை எப்படிக் குறைப்பது?” என்று தனியாகக் கேளுங்கள்.

இரண்டு மருந்தும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நாட்களில் செரட்டோனின் மிகுதி என்ற ஆபத்தும் உண்டு. கை நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை, கால் தசை துடிப்பு. பெரும்பாலும் அளவு மாறிய ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் சேர்ந்துகொண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். வலிக்காக எலும்பு மருத்துவர் எழுதும் டிரமடால், இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இரண்டும் இதைத் தூண்டலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினெசோலிட் இன்னும் முக்கியம்; அது எம்.ஏ.ஓ. நொதியையும் தடுக்கும். மனச்சோர்வு மருந்துகளின் கதையே காசநோய் வார்டில் தொடங்கியதுதான். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்காக இப்ரோனியசிட் கொடுத்தபோது நோயாளிகள் எதிர்பாராமல் உற்சாகமானார்கள். அதே நொதிதான் காரணம். காசநோய் மருத்துவரிடம் மனநல மருந்தை மறைக்காதீர்கள்.

மாற்றிய சில நாட்களில் தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல், குமட்டல், விபரீதக் கனவு, எரிச்சல் என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது பழைய மருந்து கழிவதன் விளைவு. நோய் திரும்புவதென்றால் பொதுவாக வாரங்கள் ஆகும், மெல்ல மெல்ல வரும். ஆனால் தூக்கமே இல்லாமல் அளவுகடந்த தெம்பு, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு என்று மாறினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அது இருதுருவ நோயாக இருக்கலாம்.

25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை முதல் சில வாரம் வீட்டார் தனியாக விட வேண்டாம். தற்கொலை எண்ணம் கூடுவதாகத் தோன்றினால் யாராக இருந்தாலும் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. இரவிலும் எடுப்பார்கள். கர்ப்பம் தெரிந்தவுடன் தாமாகவே மருந்தை நிறுத்துவதும் கூடாது. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, யாரும் திட்டமிடாத மாற்றம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து இருப்பு இல்லாத நாளில் “இதுவும் அதுவும் ஒண்ணுதான்” என்று வேறொன்றைக் கையில் கொடுப்பார்கள். உள்ளிருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகையா இல்லையா என்ற மூன்றும் ஒத்துப்போனால் கம்பெனி மாறினாலும் பரவாயில்லை. பெயர் வேறு என்றால் வாங்காதீர்கள். பழைய மருந்தையே நாலு நாளைக்கு வெளிக்கடையிலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கிவைத்துக்கொண்டு, அதற்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.