நொண்டும் குஞ்சும் வியாபாரக் கணக்கும்

காத்தான்குடி முதல் ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை வரை வாவியை ஒட்டிய ஊர்களில் கோழி வளர்ப்பைப் பக்கத் தொழிலாகச் செய்வோர் இருக்கின்றனர். குஞ்சு வாங்கி விற்போரும் தீன் கடை நடத்துவோரும் இதே தொழிலைச் சார்ந்தவர்களே. இவர்கள் அனைவரும் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "குஞ்சின் கால் சரியில்லை" என்பதாகும்.

இம்முறைப்பாடு வந்ததும் வாங்கியவர் விற்றவரைக் குறை சொல்வார். விற்றவர் வளர்ப்பைக் குறை சொல்வார். இருவருமே கேட்க மறக்கும் கேள்வி ஒன்றுண்டு: கால் கோணியது எத்தனையாம் நாளில்? காரணத்தைக் கண்டுபிடிக்க இந்த நாள் கணக்கே முதல் வழி.

முதல் மூன்று நாட்கள்

பொரித்த உடனேயே அல்லது ஓரிரு நாட்களில் கால்கள் இரு பக்கமும் விரிந்து குஞ்சு தரையில் படுத்துவிட்டால், இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பொரிக்கும் இயந்திரம். காற்றாடி உள்ள இயந்திரத்தில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். கடைசி மூன்று நாட்களில் ஈரப்பதனைக் கூட்ட வேண்டும். இவை பிசகினால் காலும் விரலும் கோணும். மற்றையது, வழுக்கும் தரை. குஞ்சு இறக்கும் பலர் பத்திரிகைத் தாளையோ பொலித்தீனையோ விரிக்கின்றனர். அதன் மேல் கால் ஊன்ற முடியாமல் மூட்டு விலகிவிடும். வெளி மாவட்டத்திலிருந்து இரவிரவாகப் பெட்டியில் வரும் குஞ்சுகளுக்கும் இதே கதி நேரலாம்.

எமது பகுதியில் நெல் ஆலைகளுக்குக் குறைவில்லை. இரண்டு அங்குல உயரத்துக்கு உமி பரப்பி, முதல் இரு நாட்களுக்கு மேலே சணல் சாக்கை விரித்தால் போதும். வழுக்காது, குஞ்சு உமியைத் தின்னவும் மாட்டாது.

கால் விரிந்த குஞ்சுக்கு வைத்தியமும் எளிது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒடுக்கமாக வெட்டி, முழங்கால் மூட்டுக்குக் கீழே இரு கால்களையும் சுமார் ஓர் அங்குல இடைவெளியில் இணைத்துக் கட்ட வேண்டும். இறுக்கக் கூடாது. கால் வீங்கியுள்ளதா என நாளாந்தம் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலும் நேராகிவிடும். விரல் மட்டும் மடங்கியிருந்தால், கடதாசி மட்டையைச் சிறு செருப்புப் போல வெட்டி, விரல்களை விரித்து ஒட்டிவிடலாம். எதையும் முதல் சில நாட்களுக்குள் செய்ய வேண்டும். ஒரு வாரம் சென்றால் எலும்பு முற்றிவிடும். கட்டுப் போட்ட குஞ்சைத் தனியே வைத்து, தண்ணீரை ஆழமற்ற தட்டில் வையுங்கள்.

ஒன்று முதல் மூன்று வாரம்

நன்றாக ஓடித் திரிந்த குஞ்சு இக்காலத்தில் நொண்டத் தொடங்கினால், தீன் மூட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விரல்கள் உட்பக்கமாகச் சுருண்டு, குஞ்சு முழங்காலால் நடந்தால், அது விற்றமின் பி2 குறைவாக இருக்கலாம். தொடக்கத்திலேயே தண்ணீரில் விற்றமின் கலந்து கொடுத்தால் சில நாட்களில் தேறும். தாமதித்தால் நரம்பு கெட்டுவிடும். வெயில் வெளிச்சம் இந்த விற்றமினை அழிக்கும் என்பதால் தீனைத் திறந்த வெளியில் வைக்கக் கூடாது.

மூட்டு வீங்கி, நரம்பு விலகி, கால் பக்கவாட்டில் திரும்பினால், மங்கனீசு போன்ற சத்துகளின் குறைவு காரணமாகலாம். அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1936இல் இதனைக் காட்டினர். நரம்பு விலகிய குஞ்சு திருந்தாது. ஆனால் தீனைத் திருத்தினால் மற்றக் குஞ்சுகள் தப்பும்.

அலகும் எலும்பும் மென்மையாக வளைந்தால் விற்றமின் டி, கல்சியம், பொஸ்பரசு ஆகியவற்றில் குறையுண்டு.

தீனுக்கும் காலுக்கும் உள்ள தொடர்பு புதிய செய்தியன்று. 1890களில், இன்றைய ஜகார்த்தாவில், ஒல்லாந்து வைத்தியர் கிறிஸ்டியான் ஐக்மன் தமது ஆய்வுக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். அவை தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்றவை. தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் தேறின. விற்றமின்களை உலகம் அறிய வழிகாட்டிய இப்பணிக்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. மிஞ்சிய சோற்றை மட்டும் போட்டுக் குஞ்சு வளர்ப்போர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2022இல் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. சோளமும் தீனும் கிடைக்காமற் போய்ச் சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அத்தகைய காலங்களில் கையிற் கிடைத்ததைக் கலந்து போடுவது இயல்பு. ஆனால் இரண்டு தவறுகள் கூடாது. சோளத்தில் மங்கனீசு மிகக் குறைவு. அதனுடன் சிப்பித் தூளை அளவுக்கு மீறிச் சேர்த்தால், இருக்கும் மங்கனீசும் உடலிற் சேராது. அடுத்தது, முட்டைக் கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடுவது. குஞ்சுக்குத் தேவையான கல்சியம் ஏறத்தாழ 1 சதவீதம். முட்டைக் கோழித் தீனிலோ 3.5 முதல் 4 சதவீதம் வரை உண்டு. மலிவாகக் கிடைத்தாலும் அது குஞ்சின் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும்.

அதன் பின்னர்

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தால் மரெக்ஸ் என்னும் வைரசு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மருந்தில்லை. பொரித்த முதல் நாளிலேயே தடுப்பூசி போட வேண்டும். எனவே குஞ்சு வாங்கும்போதே தடுப்பூசி போட்டாயிற்றா எனக் கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மூட்டு சூடாக வீங்கியிருந்தால் கிருமித் தொற்றாகலாம். புரொய்லர் கோழிகள் உடல் பாரத்தாலும் நொண்டும். மாரி காலத்தில் உமி நனைந்தால் பாதம் புண்ணாகும். பலவற்றுக்கு ஒரே நேரத்தில் வந்தால் தாமதியாமல் அரச கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கணக்கு எங்கே இருக்கிறது?

200 குஞ்சு இறக்கியவருக்கு முதல் நாளில் 3 குஞ்சு நொண்டினால், நட்டம் அந்த மூன்றோடு முடியும். இரண்டாம் வாரத்தில் 20 நொண்டினால், மிகுதி 180 குஞ்சும் அதே தீனைத்தான் தின்கின்றன. இதுதான் பெரிய நட்டம்.

ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். குஞ்சு வந்த திகதி, தந்த இடம், தீன் மூட்டையின் இலக்கம், நொண்டியவற்றின் எண்ணிக்கை, நொண்டிய நாள் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். தீன் கடைக்காரரும் குஞ்சு விற்பவரும் வாடிக்கையாளரிடம் இதையே கேட்க வேண்டும். கொப்பியில் உள்ளதைக் காட்டிப் பேசினால் சண்டை வராது, நட்டஈடும் நியாயமாகக் கிடைக்கும். திருந்தாத குஞ்சை நல்ல குஞ்சோடு கலந்து விற்காதீர்கள். அதில் வரும் இலாபம் சில ரூபா. இழப்பதோ நிரந்தர வாடிக்கையாளரை.