எக்ஸ்பி கணினியை என்ன செய்வது?

அன்புள்ள தங்கைக்கு,

புத்தக வடிவமைப்பு வேலையில் சேர்ந்திருக்கிறாய். உனக்குக் கொடுத்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் இருக்கின்றன. இதிலேயே தொடர்வதா, புதியது வேண்டுமென்று முதலாளியிடம் கேட்பதா என்று எழுதியிருந்தாய். அந்தக் கணினியைப் பார்த்துச் சிரிப்பவர்களைப் பொருட்படுத்தாதே. எத்தனையோ தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் அந்த இரண்டையும் நம்பித்தான் வெளிவந்தன.

எக்ஸ்பி 2001-இல் வந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0-வும் அதே ஆண்டுதான். 2004-இல் அடோபி அதை மேம்படுத்துவதை நிறுத்தியது. 2014 ஏப்ரல் 8-உடன் எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவும் முடிந்தது. அதன் பிறகும் நம் அச்சகங்கள் இந்த இரண்டையும் விடாததற்குக் காரணம் ஃபாண்ட். எக்ஸ்பிக்கு யுனிகோடு தெரியும், பேஜ்மேக்கருக்குத் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். சிறிய ‘எம்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘அ’ இருக்கும். அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஒரு நாவல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பியை வைத்துக்கொள். ஆனால் அதன் இணைய இணைப்பை இன்றே துண்டித்துவிடு. இதில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. எப்போதும் அப்படி வெளியிடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வேறு கணினியில் இருக்கட்டும். பென் டிரைவையும் அங்கே சோதித்த பிறகே இங்கே செருகு.

அந்த வேறு கணினியை முதலாளி வாங்கித்தரத்தான் வேண்டும். விலை குறைவென்று விண்டோஸ் 10-உடன் நிற்கும் பழைய கணினியை அவர் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள். அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புதிய நூல்களை அந்தப் புதிய கணினியில் யுனிகோடில் தொடங்கு. வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்காதே. இல்லையென்றால் கொம்பு தன் இடத்தில் நிற்காது.

பழைய நூல்களை மாற்றுவதில்தான் உன் முழுக்கவனமும் வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். ஆனால் பாமினிப் பத்தியின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக நினைத்து மாற்றிச் சிதைக்கும். அதுகூடக் கண்ணில் பட்டுவிடும். படாதது ஒன்று உண்டு. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ‘ள’வும் ஒரே வடிவம். ஆகவே ‘கௌரி’ என்ற பெயர் மாறி வரும்போது கொம்பு, க, ள, ரி என்று தனித்தனி எழுத்துகளாகிவிடலாம். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; மெய்ப்பு பார்ப்பவருக்குப் பிடிபடாது. நாளை மின்நூலில் ஒருவர் ‘கௌரி’யைத் தேடினால் கிடைக்கமாட்டாள். ஒவ்வொரு நூலிலும் இதைத் தனியாகத் தேடித் திருத்து. வாசகர் கவனிக்கமாட்டார் என்று எந்த நூலையும் அப்படியே விட்டுவிடாதே.

பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறந்த இன்டிசைன், சிஎஸ்6 வரைதான். அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. ஆகையால் உங்கள் பதிப்பகத்தின் பழைய நூல்களுக்கு அந்த எக்ஸ்பி கணினிதான் ஒரே வாசல். அதன் ஹார்டு டிஸ்க் எப்போது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. கோப்புகளையும் ஃபாண்டுகளையும் இரண்டு இடங்களில் படியெடுத்து வை. மறுபதிப்பு வரக்கூடிய ஒரு நூலை முதலாளியிடம் கேட்டு வாங்கி, இந்த வாரமே அதன் உரையை யுனிகோடுக்கு மாற்றத் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்