கத்திரி வெயிலில் மதியச் சாப்பாடு



உன் கடிதம் கிடைத்தது. பத்திரிகை ஆபீஸில் பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டாய் என்பதும், தங்கியிருக்கும் விடுதியில் காலையும் இரவும் மட்டுமே ஆகாரம் கொடுக்கிறார்கள் என்பதும், மத்தியானத்துக்குச் செல்பேசி மூலம் எதையாவது வரவழைத்து வேலை செய்யும் மேஜையிலேயே சாப்பிட்டுவிடுகிறாய் என்பதும் அறிந்தேன். ஒரு நகரத்தைப் பற்றி எழுதக் கற்றுக்கொள்ள வந்த பெண், அந்நகரத்து ஜனங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கை நனைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், குளிரூட்டிய அறைக்குள் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை. எந்தப் பேட்டைக்கு யார் பிழைக்க வந்தார்களோ அவர்களுடைய பசிதான் அந்தப் பேட்டையின் மதியச் சாப்பாட்டை உண்டாக்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்; ஆகையால் சென்னையை அறிய விரும்புகிறவர்கள் அதன் மியூசியத்துக்குப் போவதற்கு முன்பே அதன் மெஸ்ஸுக்குப் போக வேண்டும்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் மே மாதத்தில் இவ்வூரில் எங்கே சாப்பிடுவது என்பதைக் காட்டிலும் எப்போது சாப்பிடுவது என்பது முக்கியமான விஷயம். கத்திரி முடிந்ததும் சூடு தணிந்துவிடும் என்று நம்பிவிடாதே. அக்கினி நட்சத்திரம் கழிந்துவிட்டதென்று எல்லோரும் ஆறுதல் கொண்டிருந்த 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதியன்றுதான் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. இந்த நகரத்தைக் காப்பது கடற்காற்று. நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால், அதன் மேலுள்ள காற்று லேசாகி மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்கேயிருந்து அடிக்கும் அனல்காற்று பலமாக உள்ள நாட்களில் அது வரத் தாமதமாகிறது. அப்படித் தாமதமாகும் நாட்களே பொறுக்க முடியாத நாட்கள். வரும்போதும் அது திருவல்லிக்கேணியையும் மயிலாப்பூரையும் முதலில் தொட்டுவிட்டு, அண்ணா நகருக்கும் அம்பத்தூருக்கும் பிறகுதான் போகிறது. ஆகவே மேற்கே சாப்பிடுவதானால் உச்சிப்பொழுதுக்குள் இலையை மடித்துவிடு. கடற்கரையை அடுத்த பேட்டைகளுக்கு ஒரு மணிக்குக்கூடப் போகலாம். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை என்று வரிசையாக நிலையங்கள் இருப்பதால், வெயிலில் நெடுந்தூரம் நடக்காமலே இந்தப் பேட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

உன் ஆபீஸ் மவுண்ட் ரோடில் இருப்பதால் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்குவதே நியாயம். பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலைச் சுற்றிய வைதிகர்களின் வீதிகளும், 1768-இல் சேப்பாக்கம் மாளிகை எழும்பியபின் ஆர்க்காட்டு நவாபைச் சார்ந்து வந்து குடியேறியவர்களின் தெருக்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் பேட்டை அது. அவர்களுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள், வெளியூர்களிலிருந்து உத்தியோகம் தேடி வந்து, மேன்ஷன் எனப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு இரண்டு பேர், மூன்று பேராகத் தங்கிய பிரம்மசாரிகள். சமைக்க அடுப்புமில்லை, சமைத்துப் போட ஆளுமில்லை என்ற நிலையில் இருந்த இவர்களை நம்பித்தான் அங்கே சந்துக்குச் சந்து மெஸ்கள் தோன்றின. அக்பர் சாகிப் தெருவிலுள்ள காசி விநாயகா மெஸ்ஸுக்குப் போனால் டோக்கன் வாங்கிக்கொண்டு, உன் முறை வரும்வரை மற்றவர்களோடு காத்திருக்க வேண்டியிருக்கும். அப்படி நிற்பதைச் சிரமமாக எண்ணாதே. பரீட்சைக்குப் படிக்கிறவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, ஓய்வுபெற்ற குமாஸ்தா என்று உனக்கு முன்பின் அறிமுகமில்லாத மனிதர்களோடு சம்பாஷணை தொடங்குவதற்கு அதைவிட உகந்த இடம் கிடையாது. பத்திரிகைக்காரிக்கு அது ஆஸ்தி.

மெஸ்ஸுக்குப் போவதென்றால் முதல் பந்திக்கோ இரண்டாம் பந்திக்கோ போய்விட வேண்டும். பன்னிரண்டரை மணிக்குப் பருப்பின் கனத்தோடு இருக்கும் சாம்பார், இரண்டு மணிக்குள் வெந்நீர் சேர்ந்து நீர்த்துப்போகும். பொரியல் தீர்ந்து ஊறுகாய் அதன் இடத்துக்கு வரும். ஒரு மெஸ்ஸின் தராதரத்தை அறிய ரசம் ஒன்றே போதும் என்பேன். புளியின் பச்சை வாசனை போகக் கொதித்திருக்கிறதா, பருப்புத் தண்ணீர் விட்டபின் நுரை கட்டியதும் இறக்கியிருக்கிறார்களா, அல்லது மறந்துபோய்த் தளதளவென்று கொதிக்கவிட்டு மணத்தைப் போக்கிவிட்டார்களா என்பதெல்லாம் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும். ரசத்தில் அக்கறை காட்டுகிறவர் மற்றெதிலும் குறைவைக்க மாட்டார். கோடையில் தயிரையும் கவனி. இந்த வெயிலில் முன்னிரவில் உறை ஊற்றிய தயிர் மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குள் புளித்துவிடும் என்பதை அறிந்து, நேரம் கழித்து உறை ஊற்றுகிறவரும், தயிர்சாதத்தில் பாலைத் தாராளமாக விட்டுப் பிசைகிறவரும் தொழிலில் தேர்ந்தவர்கள். இலையில் முருங்கைக்காய் சாம்பாரும் மாங்காய்ப் பச்சடியும் வந்தால் இன்னும் சந்தோஷப்படு. இரண்டும் இந்தப் பருவத்துக்கே உரியவை.

மயிலாப்பூரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ்ஸில் கீரை வடையைச் சாப்பிட்டுப் பார். ராயர் மெஸ் காலை, பிற்பகல் சிற்றுண்டிக்குப் பேர்போன இடம். அங்கே போய்ச் சோறு கேட்டு நிற்காதே.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்துக்கு அருகே குறுகிய சந்து ஒன்றில் இருக்கும் நாயர் மெஸ், பல்லாண்டுகளாக மலையாளத்துப் பாகத்தில் மீன் வறுவலும் குழம்பும் கொடுத்து வருகிறது. நீ மீன் சாப்பிடுகிறவள் ஆகையால், இந்த மாதத்தில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. முன்பு 45 நாட்களாக இருந்த தடையைப் பிறகு நீட்டித்தார்கள். காசிமேட்டுத் துறைமுகத்தில் இப்போது விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். ஃபைபர் படகுகளில் கரையோரமாகப் போய் வருகிறவர்கள் கொண்டுவரும் நெத்திலி, காரப்பொடி, கவளை போன்ற சிறு மீன்களே அன்றாடம் கிடைப்பவை. வஞ்சிரம் என்று கேட்டால் விலையும் அதிகம். வேறு கரையிலிருந்து பனிக்கட்டியில் வந்ததாகவும் இருக்கக்கூடும். ஆகையால் இந்த இரண்டு மாதமும், 'இன்றைக்கு என்ன சின்ன மீன் வந்தது?' என்று கேட்டுச் சாப்பிடு. மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பை ராயபுரத்துச் சிறு கடை ஒன்றில் சாப்பிட்டவர்கள் வஞ்சிரத்துக்கு ஏங்கமாட்டார்கள்.

ஜார்ஜ் டவுனுக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிவை. தங்கசாலைத் தெருவிலும் சௌகார்பேட்டையிலும் வியாபார நிமித்தம் குடியேறிய குஜராத்திகளும் மார்வாடிகளும் நடத்தும் போஜனசாலைகளில், நெய் தடவிய மெல்லிய ரொட்டியும், லேசாக இனிக்கும் பருப்பும், வறுத்த சீரகப்பொடி தூவிய மோரும் கிடைக்கும். வறண்ட தேசத்திலிருந்து வந்தவர்கள் ஆதலால் வெயிலுக்கு எது இதம் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து கிழக்கே நடந்து மண்ணடிக்குப் போனால் கீழக்கரை முதலான கடலோர ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் பேட்டை. பிரியாணியும் தால்சாவும் அங்கே விசேஷம். 1960-களில் பர்மாவை விட்டுத் திரும்பிய தமிழர்கள் தங்களோடு கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் பதார்த்தமும் வாழைத்தண்டு சூப்பும் பாரிமுனையை அடுத்த தெருக்களில் விற்கின்றன. பொழுது சாய்ந்தபிறகே அக்கடைகள் களைகட்டுமாகையால் அவற்றை வேறொரு நாள் மாலைக்கு வைத்துக்கொள்.

இவையெல்லாம் பழைய கதை. நம் காலத்திலேயே ஒரு பேட்டையின் சாப்பாடு மாறுவதை நேரில் பார்க்க விரும்பினால், ஆயிரம் விளக்குக்குப் பக்கத்தில் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களுக்குப் போ. அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியை நாடி மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்க நேர்வதால், விடுதிகளும் அவற்றோடு வங்காளச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே வந்துவிட்டன. பெயர்ப்பலகைகளில் வங்க எழுத்தைக் காண்பாய். சோறு, மசூர் பருப்பு, கசகசா அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கு, கடுகு அரைத்துவிட்ட ஆற்றுமீன் குழம்பு என்று, நம் வாய்க்குப் புதியவையாயினும் சோறுண்ணும் ஜாதியார் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாத பதார்த்தங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன்: எதிரே அமர்ந்து சாப்பிடுகிறவருடைய மனைவியோ மகனோ அந்த நேரத்தில் ஆபரேஷன் மேஜைமேல் இருக்கலாம். சத்தமாகப் பேசாதே, படம் எடுக்காதே. அங்கே சாப்பிடுவது உனக்கு அனுபவம், அவருக்குத் திடம்.

கூழ் குடிக்காமல் சென்னைக் கோடையைப் பற்றி எழுதத் துணியாதே. வடசென்னையில் எந்தத் தெருமுனையிலும் ஒரு மரநிழலில் கூழ் வண்டி நிற்கும். அருகில் போய் நின்று கவனி. கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைத்து, அரிசி நொய்யை வேகவிட்டு அதில் ஊற்றிக் கிளறி, ஆறவைத்துக் கட்டியாக்கிய களியை, மறுநாள் காலையில் கூழ் விற்கும் அம்மாள் வண்டிக்குக் கொண்டுவருகிறாள். நீ கேட்டதும் ஒரு கைப்பிடிக் களியை எடுத்து, உப்பும் மோரும் விட்டு, கட்டி தட்டாதபடி விரல்களாலேயே கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தைத் தூவிச் சொம்பு நிறையக் கொடுப்பாள். பக்கத்தில் தட்டுகளில் மோர் மிளகாய், வற்றல், மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய்த்துண்டு, கருவாடு. ரிக்ஷாக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் நின்றபடியே குடித்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போகிறார்கள். வியர்வையில் போன உப்பையும் நீரையும் ஒரே சொம்பில் திருப்பிக் கொடுக்கும் ஆகாரத்தை இதைவிடச் சிக்கனமாக யாரும் செய்ததில்லை. வயிறு கனக்காது, பிற்பகலில் தூக்கம் வராது. உன் ஆபீஸில் கொடுக்கும் பாட்டில் பானங்களைவிட இது பன்மடங்கு மேலானது.

கையில் பணம் குறைந்திருக்கும் மாதக் கடைசியில் அம்மா உணவகத்துக்குப் போகத் தயங்காதே. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய இவ்வுணவகங்களில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர்சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள். அங்கே வரிசையில் நிற்பதால் யாருடைய கௌரவமும் குறைவதில்லை. கையேந்திபவன்களில், கண்ணெதிரே சூடாக இறக்குவதை மட்டும் வாங்கு. காலையில் அரைத்து வெயிலில் வைத்திருக்கும் தேங்காய்ச் சட்னியைத் தொடாதே. பழச்சாற்றில் உடைத்துப் போடும் பாளக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்ததென்று சொல்ல முடியாதாகையால், ஐஸ் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடு. தாகத்துக்கு இளநீர் இருக்கிறது, நுங்கு இருக்கிறது.

பெண்பிள்ளை தனியாக மெஸ்ஸில் உட்காரலாமா என்று உன் தாயார் கவலைப்படுகிறாள் என எழுதியிருந்தாய். ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மெஸ்கள் ஆடவர்களுக்கே ஆனவையாக இருந்தன என்பது உண்மைதான். இன்று ஆபீஸ்களிலும் கடைகளிலும் பெண்கள் பலர் வேலை செய்ய, அவர்கள் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கிப் போக வேண்டுமென்பதை நான் ஒப்பமாட்டேன். நேராக உள்ளே போய், காலியாயுள்ள இடத்தில் உட்கார்ந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடு. ஒருவர் முறைத்துப் பார்த்தால் அது அவருடைய குறை. கூட்டம் உள்ள நேரத்தில் சாப்பிட்டானதும் எழுந்துவிடு. உனக்குப் பின்னால் அரை மணி நேர விடுப்பில் வந்தவர் ஒருவர் காத்திருப்பார்.

இப்போது பல மெஸ்களில் பரிமாறுகிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள். நமக்கு ரசம் ஊற்றுகிற அவர்கள், பந்திகள் ஓய்ந்தபின் மூன்று மணிக்குமேல்தான் தங்கள் சோற்றில் கை வைக்கிறார்கள். அவர்களிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசு. அடுத்த கடிதத்தில் நீ சாப்பிட்ட பதார்த்தங்களின் ஜாபிதாவோடு, உனக்குப் பரிமாறியவர் எந்த ஊர், சென்னைக்கு எப்படி வந்தார், ஊரில் அவருடைய தாயார் மத்தியானத்துக்கு என்ன சமைப்பாள் என்பதையும் கேட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா