கோரையை அறிவோம்

கோரை என்ற சொல்லைக் கேட்டதும் நெல் பயிரிடும் அங்கத்தினர் முகஞ் சுளிப்பார். பாய் நெய்யும் அங்கத்தினர் முகம் மலர்வார். ஒருவருக்கு அது களை. மற்றவருக்கு அதுவே மூலப்பொருள். ஆகவே இச்செடியின் இயல்பை இருவரும் அறிந்திருத்தல் நலம். பாயின் தரத்தில் பெரும்பகுதி தறிக்கு வருமுன்னரே, கோரை வளரும் கரையிலும் உலரும் களத்திலும் முடிவாகிவிடுகிறது.

புல்லும் கோரையும்

கோரையைப் புல் என்றே பலரும் கருதுகின்றனர். அது தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெற்றாள் உருண்டையானது, உள்ளே பொள்ளலாகவும் இடையிடையே கணுக்களோடும் இருக்கும். கோரைத்தாள் பெரும்பாலும் முப்பட்டையானது; உள்ளே தக்கை போன்ற வெண்ணிறச் சோறு நிரம்பியிருக்கும்; அடி முதல் பூங்கொத்து வரையில் கணுவே கிடையாது. கணுவின்மையால்தான் தாள் முறியாமல் நெடுகக் கிழிகிறது. பாய்த்தொழிலுக்கு ஆதாரம் இதுவே.

பாய்க்கோரையின் சாத்திரப் பெயர் சைபீரஸ் பாங்கோரை. 1773ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ராட்பொல் இதனை வருணித்து இப்பெயரிட்டார். அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. 1768இல் அங்கு வந்த கோனிக் என்னும் மருத்துவர் நம் நாட்டுச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தார். அயலார் இட்ட பெயரிலும் நமது ‘கோரை’ ஒலிப்பதைக் காண்கிறோம்.

வாழிடம்

ஆற்றங்கரை, வாய்க்காற்கரை, ஈரங்காயாத தாழ்வான நிலம் ஆகியவையே இதன் இருப்பிடங்கள். சேற்றில் காற்று அரிது. தாளின் சோற்றிலுள்ள நுண்ணறைகளின் வழியே காற்று கீழிறங்கி, அடித்தண்டுக்கும் வேருக்கும் எட்டுகிறது. மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் அத்தண்டிலிருந்தே புதுத்தாள்கள் முளைக்கின்றன. எனவே ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அறுவடை செய்யலாம். கரூர், முசிறி, தொட்டியம் பக்கங்களில் காவிரிப் படுகையில் இதனைப் பயிராகவே வளர்க்கின்றனர்.

வயலில் தொல்லை தருவோர் இதன் உறவினர். வட்டக்கோரை ஓராண்டுச் செடி, விதையால் பெருகுவது. பூக்குமுன் பறித்தால் அடுத்த போகத்தின் தொல்லை குறையும். கிழங்குக்கோரையோ மண்ணுக்குள் கிழங்குகளைச் சங்கிலிபோற் கோத்து வைக்கிறது; மேலே அரிந்தால் மீண்டும் தழைக்கும். தேங்கிய நீர் அதற்கு ஒவ்வாது. அதனால்தான் நாற்று நட்டு நீர் கட்டிய வயலைவிடப் புழுதியில் விதைத்த வயலில் அதன் தொல்லை மிகுதி. பாய்க்கோரையும் அடித்தண்டால் பரவுவது. ஆதலின் அதை நடுவோர் நெல்வயலை ஒட்டி நடாமல், இடையில் ஆழமான வடிகால் ஒன்று விடுதல் தகும்.

தறிக்குரிய பாடம்

தாளின் வலிமை எங்கே உள்ளது? தோலை ஒட்டிய நார்க்கட்டுகளில். நடுச்சோறு மென்மையானது, நீரை உறிஞ்சுவது, பூசணம் முதலில் பற்றும் இடமும் அதுவே. ஆகவே மெல்லிய பாய்க்குச் சோற்றை நன்கு சீவி நீக்க வேண்டும். தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையின் பட்டுப்பாய் புகழ்பெற்றது, தாளை நீரில் ஊறவைத்து மிக நுண்ணிதாகக் கிழித்தெடுக்கும் பொறுமையினால்தான்.

இளந்தாளில் நார் முற்றியிராது, உலர்ந்தால் சுருங்கும். அளவுக்கு மீறி முற்றிய தாள் நுனி கருகி, மடித்தால் ஒடியும். இரண்டுக்கும் நடுவே, தாள் பசுமை மாறாதிருக்கையில் அறுப்பதே முறை. அறுத்த தாளைக் குவித்து வைத்தால் வெந்து கறுக்கும். தாமதியாமல் கிழித்து வெயிலில் பரப்ப வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் காய்ந்து கட்டிவிட்டால் நிறம் கெடாது.

இன்று ஞெகிழிப் பாய் மலிவாகக் கிடைக்கிறது. விலையில் அதனோடு போட்டியிடுவது கடினம். தரத்தில் நாம் தாழவேண்டியதில்லை. கறைபட்ட பாய்க்கு விலை குறையும்போது வளர்ப்பவர் நெய்பவரையும், நெய்பவர் வளர்ப்பவரையும் குறை கூறுவது வழக்கம். அறுவடை நாளை இருவரும் கூடிக் குறித்தால் அவ்வழக்கு எழாது.

செய்து பார்க்க: இளந்தாள், பசுமையான முற்றிய தாள், நுனி கருகிய தாள் ஆகிய மூன்றையும் கிழித்து, மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, விரலில் சுற்றிப் பாருங்கள். எதை எப்பொழுது அறுக்கவேண்டும் என்பதை உங்கள் கையே சொல்லிவிடும்.