பிள்ளையின் ஸ்கேற்சை மாற்றும் காலம்

யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில், தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குமுன் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் போகும் எந்தத் தகப்பனும் காலுக்குச் சரியான அளவை வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. வளருகிற பிள்ளை என்று ஓர் எண் கூட்டி வாங்கி, முனையில் பஞ்சை அடைத்து, இரண்டு வருஷமாவது உழைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதே வழக்கமாக இருந்தது. வருமானம் அளவாக இருந்த வீடுகளில் அது விவேகமான காரியம்தான். ரொறன்ரோவுக்கு வந்த பின், என் மகனுக்கு முதன்முதலாக ஸ்கேற்ஸ் வாங்கியபோதும் நான் அதே விவேகத்தைப் பிரயோகித்தேன். அதனால் கஷ்டப்பட்டது அவன்.

இங்கே நகரசபைக் கட்டடத்தின் முன்னால், 1965 இல் திறக்கப்பட்ட நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், கோடையில் தடாகமாக இருக்கும் இடம் மாரியில் உறைந்த தளமாகிவிடும். கட்டணம் இல்லாதபடியால் எங்களைப் போலப் புதிதாக வந்த குடும்பங்கள் பலவும் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போவதுண்டு. இரண்டு எண் பெரிதான ஸ்கேற்சைப் போட்டுக்கொண்டு, இரண்டு கணுக்கால்களும் உட்பக்கமாகச் சரிய, கைப்பிடிச் சுவரை விடாமல் என் மகன் நடந்தானே தவிர, ஒரு முழமாவது சறுக்கவில்லை. பயந்த சுபாவம் என்று நான் எண்ணினேன். உண்மையில் ஹொக்கி ஸ்கேற்சின் அலகு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்பே உள்ளது; அந்த மெல்லிய இரும்பின் மேல் ஒரு பிள்ளை ஸ்திரமாக நிற்கவேண்டுமானால், கால் சாயும் பக்கம் சப்பாத்தும், சப்பாத்துச் சாயும் பக்கம் அலகும் உடனே சாயவேண்டும். உள்ளே கால் தனியே அசைந்துகொண்டிருக்கும் சப்பாத்தில் அது எப்படி நடக்கும்? ஹொக்கி ஸ்கேற்ஸ் பொதுவாக வெளியே போடும் சப்பாத்தைவிட ஒன்று முதல் ஒன்றரை எண் குறைவாகவே பொருந்தும் என்பதை, அலகு தீட்டிக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் பொறுமையுடன் எனக்கு விளக்கினார். குதிக்காலைப் பின்னால் தள்ளி நாடாவை இறுக்கிக் கட்டி நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை இலேசாக உரசவேண்டும். முழங்காலை மடித்தால் அந்த உரசல் விலகவேண்டும். குதிக்கால் எந்த நிலையிலும் மேலே எழும்பக்கூடாது.

அந்த உபதேசத்தைக் கேட்டு, காலுக்கு மட்டாக ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அவன் சுவரை விட்டான். அந்த ஆனந்தத்தில், கால் வளர்ந்துகொண்டே இருக்கும் என்ற மிகச் சாதாரணமான விஷயத்தை நான் மறந்துபோனேன்.

ஒட்டாவா நகரின் நடுவே உள்ள ரீடோ கால்வாய் கடுங்குளிரில் உறைந்து 7.8 கிலோமீற்றர் நீளமான சறுக்குப் பாதையாகிவிடும். குளிர் போதாமல் 2022-23 மாரியில் ஒரு நாளேனும் அது திறக்கப்படவில்லை. அதற்கு முந்திய ஒரு மாரியில், முழுத் தூரமும் போய்த் திரும்புவோம் என்று மகனுக்கு வாக்களித்து, இரவிரவாகப் பிரயாணம் செய்து போயிருந்தோம். ஒரு கிலோமீற்றர் போகுமுன்னே அவன் கரையோரத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டான். கால் நோகிறதா என்று கேட்டேன். "நோகேல்லை அப்பா, குளிருது" என்றான். நானும் அதை நம்பி, பையில் இருந்த தடித்த கம்பளிக் காலுறையை மற்றக் காலுறைக்கு மேலேயே போட்டுவிட்டு, முன்னையிலும் இறுக்கமாக நாடாவைக் கட்டினேன். கால்மணி நேரத்தில் அவன் அழத்தொடங்கினான். கால்வாயின் மேலேயே சுடச்சுடப் பொரித்துச் சீனி தூவி விற்கும் பீவர்ரெயில் என்ற பலகாரத்தைக்கூட வேண்டாம் என்றான். மாலையில் அறைக்குப் போய்க் காலுறையைக் கழற்றியபோது, பெருவிரல் நகத்தின் ஓரம் கன்றிக் கறுத்திருந்தது.

இடுக்கமான சப்பாத்துக்குள் ரத்த ஓட்டம் குறைவதால் விரல்கள் முதலில் விறைக்குமே அல்லாமல் நோவதில்லை. ஆகையால் பிள்ளை குளிருகிறது என்று சொன்னது பொய்யல்ல. அதற்குமுன் ஒரு மாதமாக அவன் நாடா கட்டுவதைத் தாமதித்ததும், கீழ்த்துளைகளைத் தளர்த்திவிட்டு மேலே மட்டும் இறுக்கியதும், அரைமணிக்கு ஒருதரம் இருக்கவேண்டும் என்று கேட்டதும் அன்றிரவு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவ்வளவையும் சோம்பல் என்று நினைத்திருந்தேன். அது இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதன் பின்பு நான் பிள்ளையின் வாய்மொழியைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. சப்பாத்தின் உள்ளே இருக்கும் தாளை வெளியே எடுத்து நிலத்தில் வைத்து, குதியைப் பின்விளிம்போடு பொருத்தி அவனை அதன்மேல் நிற்கச்செய்வேன். விரலுக்கு முன்னால் சிறிது இடம் தெரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது. விரல் விளிம்பைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த வாரமே மாற்றிவிடவேண்டும். நாடாவைத் தளர்த்தி, காலை முன்னே தள்ளி, குதிக்காலுக்குப் பின்னால் என் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பது இன்னொரு பரீட்சை. விரல் நுழையாவிட்டால் சிறிது. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் பெரிது. இவற்றைப் பின்னேரத்தில், ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு செய்வது உத்தமம், ஏனென்றால் பகல் முழுதும் ஓடித் திரிந்த கால் சற்றே வீங்கியிருக்கும். நவம்பர் இறுதியில் தளங்கள் திறக்குமுன் ஒருதரமும், தைப்பொங்கல் கழிந்தபின் ஒருதரமும் நான் பார்க்கிறேன். மாரியின் நடுவிலேயே கால் அரை எண் வளர்ந்துவிட்டதை இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.

அளவு சரியாக இருந்தும் மாற்றவேண்டிய சந்தர்ப்பத்தை என் மகளிடத்தில் கற்றேன். அண்ணனின் பழைய சோடி அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனாலும் அவளுடைய கணுக்கால்கள் உள்ளே சரிந்தன. முதலில் அலகை அல்லவா பார்க்கவேண்டும் என்று, அதைக் கவிழ்த்து, இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தேன். ஒருபக்கம் சாய்த்துத் தீட்டியிருந்தாலும் கால் சரியும். நாணயம் சமமாகவே நின்றது. பின்பு கணுக்கால் பக்கத்தை இரு பெருவிரல்களாலும் அமுக்கிப் பார்த்தபோது, விறைப்பாக எதிர்க்கவேண்டிய சுவர் துணிபோல் மடிந்தது. வெளியே அந்த இடத்தில் ஆழமான மடிப்பும் விழுந்திருந்தது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்தத் தளர்ச்சி நிவிர்த்தியாகாது. தங்கைக்கு அண்ணனின் பொருளைக் கொடுப்பதில் தவறில்லை; ஸ்கேற்ஸ் பெரும்பாலும் பழுதாகுமுன்னே சிறிதாகிவிடுவதால் பழையது வாங்குவதே சிக்கனம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் நீண்ட காலம் கடுமையாக உழைத்த சோடியை எவ்வளவு மினுக்கியிருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

அலகைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பலமுறை தீட்டித் தேய்ந்து, அலகைப் பிடித்திருக்கும் தாங்கியின் கீழே இரும்பு குறைந்துவிட்டால், அலகை மட்டும் மாற்ற முடியுமா என்று கடையில் கேட்கலாம். பல ஹொக்கி ஸ்கேற்சில் அது சாத்தியம். அடியில் உள்ள ஆணிகள் ஆடினாலும் திரும்ப அடித்துத் தருவார்கள். தாங்கி வெடித்திருந்தால் மட்டும் அதனோடு பிள்ளையைத் தளத்தில் இறக்கக்கூடாது.

போன மாதம் இலங்கையிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்தார், பிள்ளைக்கு ஏதாவது பழைய சோடி இருக்குமா என்று கேட்டு வந்தார்கள். நிலவறையில் மூன்று சோடி இருந்தன. மூன்றின் கணுக்கால் பக்கத்தையும் அமுக்கிப் பார்த்து, விறைப்புக் குறையாத இரண்டை வெளியே எடுத்து, உள்தாள்களை உருவி நிலத்தில் வைத்து, அந்தச் சின்னவனை ஏறி நிற்கச் சொன்னேன். ஒன்று அவனுக்குச் சரியாக இருந்தது. அவனுடைய அம்மா மற்றச் சோடியைக் காட்டி, "இது கொஞ்சம் பெரிசு அண்ணா, ரெண்டு வருஷம் போடலாமே" என்றார். சரியானதை அவர் கையில் கொடுத்து, பெரியது எங்கள் வீட்டிலேயே இருக்கும், அடுத்த மாரிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.